பழைய மீடியம் ஃபார்மேட் கேமரா: மாடலைப் பாக்காதீங்க, பீஸைப் பாருங்க

ரோலைஃபிளெக்ஸ் வாங்கலாமா, ஹாசல்பிளாட் வாங்கலாமா, இல்ல யாஷிகாவே போதுமான்னு ஃபிலிம் பக்கம் புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்குறாங்க. எந்த லென்ஸ் ஷார்ப், எதுக்கு நல்ல பேருன்னு நாலு நாள் யூட்யூப் பாத்துட்டு ஒரு மாடலை மனசுல முடிவு பண்ணிட்டு அப்புறம்தான் தேடவே ஆரம்பிக்கிறாங்க. எனக்கென்னமோ இது தலைகீழா தோணுது. நாம பேசுற கேமராக்கள்ல முக்காவாசி 1950கள்லேர்ந்து 80களுக்குள்ள செஞ்சது. ஃபேக்டரியை விட்டு வெளிய வந்தப்போ எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருந்திருக்கும், ஆனா அதுல ஒண்ணு குளிர் ஊர்ல யாரோ ஒருத்தர் வீட்டு பீரோவுல வருஷத்துக்கு ரெண்டு ரோல் பாத்துட்டு தூங்கியிருக்கும், இன்னொண்ணு முகூர்த்தம் தவறாம மண்டபம் மண்டபமா அலைஞ்சிருக்கும், மூணாவது ஏதோ கடலோர ஊர்ல தோல் கேஸுக்குள்ளேயே கெடந்து ஃபங்கஸ் புடிச்சிருக்கும். பேரு ஒண்ணுதான், ஆனா இன்னிக்கு அது மூணும் வேற வேற கேமரா. அதனால எந்த டைப் கேமரா வயசானா எந்த இடத்துல போகும்னு தெரிஞ்சு வச்சுக்கறதுலயே பாதி வேலை முடிஞ்சிடும், லென்ஸ் பேரெல்லாம் அதுக்கப்புறம்.

முதல்ல ஃபிலிம். மீடியம் ஃபார்மேட்னு இன்னிக்கு சொன்னா 120 ரோல்தான். கோடாக் கம்பெனி 1901ல ஒரு பிரவுனி பெட்டி கேமராவுக்காக கொண்டு வந்தது, இன்னும் அதே அளவுல, அதே மாதிரி பின்னாடி காகிதம் சுத்தி வருது. ஃபிலிம் ஒண்ணுதான், படம் எவ்ளோ பெருசுங்கறதை கேமராதான் முடிவு பண்ணும். 645 (6×4.5 செ.மீ. படம்) கேமரான்னா ஒரு ரோல்ல 15 இல்ல 16 படம், 6×6 சதுரம்னா 12, 6×7ன்னா 10, 6×9ன்னா வெறும் 8. 35 எம்எம் ஃபிரேம் 24×36 மில்லிமீட்டர், 6×6 நெகட்டிவ் நிஜத்துல 56×56, பரப்பளவுல மூணரை மடங்குக்கு மேல. இந்தக் கணக்குதான் மொத்த சமாச்சாரமும். சுமாரான லென்ஸ் இருந்தாலும் பெரிய நெகட்டிவ்ல முகத்தோட தோல், துணியோட நூல் எல்லாம் அடங்கி வருதுன்னா காரணம் இதுதான், லென்ஸோட மந்திரம் எல்லாம் அப்புறம்.

இங்க ஒரு பொறி இருக்கு. பாக்க அச்சு அசல் அதே மாதிரி இருக்குற சில கேமராக்கள் 120 எடுக்காது. கோடாக் டுவாஃபிளெக்ஸ், பிரவுனி ஹாக்ஐ எல்லாம் 620 கேமரா, ஃபிலிம் அகலம் அதேதான் ஆனா ஸ்பூல் ஒல்லி, இருட்டுல 120ஐ பிரிச்சு பழைய 620 ஸ்பூல்ல சுத்தி போடணும். யாஷிகா 44, பேபி ரோலை எல்லாம் 127 ஃபிலிம், அதை இன்னிக்கு தேடிப் புடிக்கறதே ஒரு வேலை. சின்னதா அழகா விலை கம்மியா ஒரு யாஷிகா கண்ணுல பட்டா ஒரு நிமிஷம் நிதானிச்சு அது 44ஆன்னு பாத்துக்கோங்க. நம்ம ஊரு வீட்டுப் பரண்ல கெடக்குற ஆக்ஃபா கிளிக் 3 இருக்கே, அது 120தான், ஒரு ரோலுக்கு 12 சதுரம், லென்ஸ் ரொம்ப சாதாரணம்தான் ஆனா காசு செலவில்லாம இந்த சைஸ் எப்படி இருக்கும்னு பாக்க அதைவிட நல்ல வழி கிடையாது. ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஓடிட்டிருந்த காலத்துல இந்து பிராண்டுல ரோல் ஃபிலிமே இங்கேயே கெடைச்சுது, இப்போ எல்லாமே வெளிநாட்டு சரக்கு, டியூட்டி, கொரியர்னு விலை ஏறித்தான் கைக்கு வரும். அதனால ஒரு ரோலுக்கு எத்தனை படம்ங்கறது சும்மா ஸ்பெக் கிடையாது, மாசா மாசம் உங்க பர்ஸ் சம்பந்தப்பட்ட விஷயம்.

சரி, கேமரா. பழைய மீடியம் ஃபார்மேட்ல முதல் தடவை வாங்குறவங்களுக்கு டிஎல்ஆர், அதாவது மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு லென்ஸ் வச்ச கேமராதான் என் சாய்ஸ், அழகுக்காக சொல்லல. அதோட கட்டமைப்பைப் பாருங்க. மேல இருக்குற லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம் 45 டிகிரி கண்ணாடியில பட்டு மேல இருக்குற கிரவுண்ட் கிளாஸ்ல, அதாவது மங்கலான கண்ணாடித் திரையில விழுது, நீங்க குனிஞ்சு அதைப் பாக்குறீங்க. கீழ் லென்ஸ்தான் படம் எடுக்குது. அந்தக் கண்ணாடி அசையவே வேணாம். எஸ்எல்ஆர்ல, அதாவது பாக்குறதும் எடுக்குறதும் ஒரே லென்ஸ் வழியாங்கற கேமராவுல, ஒவ்வொரு தடவையும் கண்ணாடி மேல போய், ஷட்டர் தொறந்து மூடி, கண்ணாடி கீழ வந்து, இதெல்லாம் ஒழுங்கு தப்பாம நடக்கணும். டிஎல்ஆர்ல அந்த வேலையே இல்ல, உடையறதுக்கு சாமான் கம்மி, அதிர்வும் இல்ல, 1/15ல கூட மூச்சைப் புடிச்சுட்டு கைல வச்சு எடுக்கலாம். ஷட்டரும் லென்ஸுக்குள்ளேயே இருக்குற இதழ் ஷட்டர், சத்தம் 'க்ளிக்'னு கூட சொல்ல முடியாது, கழுத்துல தொங்கவிட்டு கீழ பாத்துட்டு நிக்கறவங்களை எதிர்ல இருக்குறவங்க கண்டுக்கவும் மாட்டாங்க. சிகாகோ தெருவுல போட்டோகிராபர் விவியன் மையர் எடுத்த ஆளுங்க படம் பெரும்பாலும் ரோலைஃபிளெக்ஸ்ல எடுத்ததுதான், நம்ம நாட்டுல பத்திரிகை போட்டோகிராபர் ஹோமாய் வியாரவாலாவும் நேரு காலத்து டெல்லியை அதை வச்சு எடுத்திருக்காங்க.

தொல்லையும் இருக்கு, மறைக்க வேணாம். கிரவுண்ட் கிளாஸ்ல இடம் வலமா தெரியும், ஓடுற குழந்தையைத் துரத்தினா கேமராவை நேர் எதிர்ப்பக்கம் திருப்புவீங்க, பழக கொஞ்ச நாள் ஆகும். பெரும்பாலான மாடல்ல ஒரு மீட்டருக்குப் பக்கத்துல போக முடியாது, கிட்ட போகப் போக மேல் லென்ஸ் பாக்குறதும் கீழ் லென்ஸ் எடுக்குறதும் விலகும், தலைக்கு மேல எடம் விட்டோம்னு நெனச்சிருப்பீங்க, நெகட்டிவ்ல உச்சந்தலை போயிருக்கும். லென்ஸை மாத்தவும் முடியாது. லென்ஸ் மாத்துற டிஎல்ஆர்னா மாமியா சி220, சி330 வரிசை மட்டும்தான் நடைமுறையில, பெல்லோஸ் (நீண்டு சுருங்குற மடிப்புப் பை) வச்சதால கிட்டக்கயும் போகலாம், ஆனா சி330 ஒன்றரை கிலோவுக்கு மேல, கழுத்து வலிக்கு நான் பொறுப்பில்ல.

மாடல் பத்தி கேட்டா, எல்லாரும் சொல்றது யாஷிகா மேட் 124ஜி. 1970லேர்ந்து 86 வரைக்கும் செஞ்சாங்க, 80 எம்எம் எஃப் 3.5 யாஷினான் லென்ஸ், நாலு எலிமென்ட் டெஸ்ஸார் டைப், நல்ல கேமராதான். ஆனா மத்த யாஷிகாவைவிட அதுக்கு விலை கூடுதலா கேக்குறதுக்கு ஒரு காரணம் உள்ள இருக்குற, வெளிச்சத்தை அளக்குற மீட்டர், அந்த மீட்டரோ 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்கு செஞ்சது, அந்த பேட்டரி இப்போ விக்கறதே இல்ல, 1.5 வோல்ட் அல்கலைன் போட்டா தப்பா காட்டும், பல பீஸ்ல மீட்டரே செத்திருக்கும். ஆக வேலை செய்யாத ஒண்ணுக்கு காசு குடுக்குறோம். அதே லென்ஸ் யாஷிகா மேட், 12, 124, பின்னாடி வந்த யாஷிகா டி எல்லாத்துலயும் இருக்கு (டி மாடல்ல முன்னாடி வந்த பீஸ்ல யாஷிகார்னு மூணு எலிமென்ட் லென்ஸ், அது ஓரத்துல கொஞ்சம் சாஃப்ட், ஆனா முகத்துக்கு நல்லாவே இருக்கும்). மினோல்டா ஆட்டோகார்ட் லென்ஸ் யாஷிகாவைவிட ஒரு படி மேலன்னு நான் சொல்வேன், ஆனா லென்ஸுக்குக் கீழ இருக்குற ஃபோகஸ் லீவர் அதோட பலவீனம், உள்ள கிரீஸ் இறுகியிருக்குறப்போ யாராச்சும் பலமா தள்ளினா பட்டுன்னு உடையும். வாங்கும்போது அந்த லீவர் வெண்ணெய் மாதிரி போகலன்னா வச்சுட்டு வந்துடுங்க.

ரோலை வேணும், பட்ஜெட் இல்லன்னா ரோலைகார்ட். ஜெர்மனியில பிரவுன்ஷ்வைக் ஊர்ல அதே ஃபிராங்கே உண்ட் ஹைடெக்கே கம்பெனி 1933லேர்ந்து செஞ்சது, ரோலைஃபிளெக்ஸுக்குத் தம்பி. கிராங்க் இல்ல, குமிழ் திருகி ஃபிலிம் சுத்தணும், ஷட்டரை தனியா காக் பண்ணணும் (ஸ்பிரிங்கை ஏத்தி அடிக்கத் தயாரா வைக்கணும்), அவ்ளோதான் வித்தியாசம், பின்னாடி வந்த ஐந்தாம் வரிசை ரோலைகார்டுல இருக்குற ஷ்னைடர் ஸீனார் லென்ஸைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல. பொறிமுறை கம்மிங்கறதால கெட்டுப்போகவும் கம்மி. ரோலைஃபிளெக்ஸ் ஆட்டோமேட்ல, 1937லேர்ந்து, ஒரு அருமையான ஏற்பாடு இருக்கு, ஃபிலிமை ரெண்டு உருளைக்கு நடுவுல விட்டா காகிதம் மட்டும் போறப்போ இருந்த தடிமன் ஃபிலிம் ஒட்டின இடம் வந்ததும் கூடுறதை அதுவே தொட்டு உணர்ந்து முதல் படத்துல நிக்கும். உருளைக்கு வெளியால விட்டுட்டா? நிக்கவே நிக்காது, மொத்த ரோலும் சுத்தி முடியுற வரைக்கும் கிராங்க் ஓடிட்டே இருக்கும். இன்னொரு விஷயம், ரோலைகார்ட், டெஸ்ஸார் வச்ச 3.5 ரோலைஃபிளெக்ஸ், யாஷிகா மேட், ஆட்டோகார்ட் எல்லாத்துக்கும் ஃபில்டர், ஹூட் எல்லாம் லென்ஸ் முன்னாடி மாட்டுற பே 1 சைஸ், ஒண்ணுக்கு வாங்கினது இன்னொண்ணுக்கு ஆகும். 2.8 ரோலைக்கு பே 3, அந்த ஹூட் விலையைக் கேட்டீங்கன்னா வாயடைச்சுப் போவீங்க.

இப்போ எஸ்எல்ஆர் பக்கம். ஹாசல்பிளாட் 500சி 1957ல வந்துச்சு, 1970ல 500சிஎம், நிலவுல போன கேமராவோட குடும்பம்னு விளம்பரமே வேண்டியதில்ல. முழுக்க மெக்கானிக்கல், பேட்டரி கிடையாது, பேக்கை (பின்னாடி மாட்டுற ஃபிலிம் பெட்டி) நடுவுல கழட்டி கறுப்பு வெள்ளையிலேர்ந்து கலருக்கு மாறலாம். சீரியல் நம்பரைப் படிக்க ஒரு சூத்திரம் இருக்கு, 'விஹெச் பிக்சர்ஸ்'னு ஆங்கிலத்துல எழுதினா பத்து எழுத்து, அதை வரிசையா 1லேர்ந்து 9, கடைசி எழுத்து 0ன்னு வச்சுக்கோங்க, நம்பருக்கு முன்னாடி 'யூவி'ன்னு இருந்தா 71ஆம் வருஷம், 'ஆர்பி'ன்னா 83. விக்கிறவர் 'எண்பதுகள் மாடல் சார்'னு சொன்னா அங்கேயே நின்னு சரிபாத்துக்கலாம். பேக்லயும் ஒண்ணு பாக்கணும், வெளிக்கூட்டுலயும் உள்ள இருக்குற இன்செர்ட்லயும் நம்பரோட கடைசி மூணு இலக்கம் ஒத்துப்போகணும், ஒத்துப்போகலன்னா ரெண்டு பேக்கைக் கலந்து கட்டினது, படத்துக்குப் படம் இடைவெளி தப்பலாம். பாடியும் லென்ஸும் ரெண்டுமே காக் ஆன நிலையிலதான் மாட்டணும் கழட்டணும், இல்லன்னா ஜாம். ஆனா இது சிஸ்டம் கேமரா, பாடி, பேக், லென்ஸ், ஃபைண்டர்னு நாலு சாமான், நாலுக்கும் தனித்தனியா சர்வீஸ் செலவு வரும்ங்கறதை யாரும் சொல்றதில்ல.

ஸ்டூடியோ, போர்ட்ரெய்ட், ட்ரைபாட் வேலைன்னா மாமியா ஆர்பி67தான் காசுக்கு மதிப்பு. 1970ல வந்தது, பேக்கை அப்படியே சுழட்டி நெட்டுக்கும் குறுக்குக்கும் மாத்தலாம், கேமராவை சாய்க்கவே வேணாம், பெல்லோஸ் ஃபோகஸ்ங்கறதால கிட்டக்க போகலாம், லென்ஸுக்குள்ள ஷட்டர் இருக்குறதால எல்லா ஸ்பீடுலயும் ஃபிளாஷ் ஒத்துப்போகும். எடை லென்ஸோட ரெண்டரை கிலோவைத் தாண்டும். ஊரு சுத்த எடுத்துட்டுப் போறேன்னு வாங்கினவங்கள்ல பல பேர் மூணாவது மாசம் வித்துடுறாங்க. பென்டாக்ஸ் 67 நேர்மாறு, பெரிய 35 எம்எம் எஸ்எல்ஆர் மாதிரி கண்ணுல வச்சு எடுக்கலாம், 105 எம்எம் எஃப் 2.4 லென்ஸோட பேக்ரவுண்டு கரையற அழகுக்காகவே இப்போ விலை ஏறிக் கெடக்கு. ஃபிளாஷ் 1/30 வரைக்கும்தான், ஷட்டர் பேட்டரி இல்லாம ஓடாது, மீட்டர் பிரிஸம் (கண்ணை வச்சுப் பாக்குற மேல்பகுதி, மீட்டரோட) வச்ச பீஸ்னா முதல்ல பிரிஸம் மாட்டிட்டு அப்புறம் லென்ஸ் மாட்டணும், வரிசை மாறினா உள்ள இருக்குற மெல்லிசு சங்கிலி அறுந்துரும்.

எலக்ட்ரானிக் ஷட்டர் வச்சதுங்க, பிரோனிக்கா ஈடிஆர்எஸ், எஸ்க்யூ-ஏ மாதிரி, நல்ல கேமரா, விலையும் ஹாசல்பிளாடுல பாதி கூட இருக்காது, பேட்டரி போனா 1/500ல மட்டும் அடிக்கும். என் பயம் பேட்டரி இல்ல, அது சுலபமா கெடைக்கும். போர்டு போனா என்ன பண்ணுவோம்ங்கறதுதான். பல் சக்கரம் தேஞ்சா ஒரு நல்ல மெக்கானிக் வேற பீஸ்லேர்ந்து எடுத்துப் போடுவார், சர்க்யூட்டுக்கு அந்த வழி கிடையாது, மொத்தமா இன்னொரு பாடிதான். விலை கம்மியா கெடைச்சா, இதுக்குத் தயாரா இருந்தா, தாராளமா வாங்குங்க. கிழக்கு ஜெர்மனி பென்டகான் சிக்ஸ், கீவ் 88 இதெல்லாம் லென்ஸ் அருமை, பாடி சூதாட்டம். பென்டகான்ல படம் மேல படம் ஏறும், கீவ் 88ல ஷட்டரை காக் பண்ணாம ஸ்பீடு மாத்தக் கூடாது. மடக்கு கேமராக்கள் பாக்கெட்ல போகும், 6×9 கூட கெடைக்கும், ஆனா ஆக்ஃபா இஸோலெட் மாதிரி இருக்குறதுல ரெண்டு வியாதி பிரசித்தம், பெல்லோஸ்ல மூலைக்கு மூலை ஊசி ஓட்டை, ஃபோகஸ் வளையத்துல பச்சை கிரீஸ் கல்லு மாதிரி இறுகிக்கறது. இருட்டு ரூம்ல உள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா பெல்லோஸ் கதை பத்து செகண்டுல தெரிஞ்சுரும்.

கையில பீஸ் வந்ததும் என்ன பாக்கணும்? ஷட்டரை பி-ல (அழுத்திட்டிருக்குற வரைக்கும் தொறந்தே இருக்குற நிலை) வச்சு தொறந்து, அப்பர்ச்சரையும் முழுசா தொறந்து, பின்பக்கம் கதவைத் தொறந்து லென்ஸ் வழியா டார்ச் அடிங்க, நேரா அடிக்காம கொஞ்சம் சாய்ச்சு. தூசி நாலஞ்சு துகள் இருந்தா கவலையே இல்ல. ஓரத்துலேர்ந்து நடுவுக்கு நூல் நூலா ஓடினா ஃபங்கஸ், மொத்தமா புகை மூட்டம் மாதிரி இருந்தா ஹேஸ், ஓரத்துல வானவில் கலர்ல எண்ணெய் பட்ட மாதிரி தெரிஞ்சா எலிமென்ட் ஒட்டின பசை பிரியுது. ஹேஸைப் பெரும்பாலும் சுத்தம் பண்ணலாம், ஃபங்கஸ் புதுசா இருந்தா போகும், கோட்டிங்கை அரிச்சிருந்தா அந்த தழும்பு போகாது, பசை பிரிஞ்சதை சரி பண்ற செலவுக்கு வேற கேமராவே வாங்கிடலாம். டிஎல்ஆர்ல மேல் லென்ஸ்ல ஃபங்கஸ் இருந்தா விலை பேச அதைக் காரணமா வச்சுக்கோங்க, அது படத்துல வராது.

அடுத்தது ஷட்டர், இதழ் ஷட்டர்ல வயசு காட்டுறது முதல்ல மெதுவான ஸ்பீடுலதான், ஏன்னா 1 செகண்ட், 1/2, 1/4 இதெல்லாம் ஒரு சின்ன பல் சக்கர வரிசை தாமதப்படுத்தி குடுக்குற நேரம், அந்த சக்கரத்துல எண்ணெய் காஞ்சா திக்கித் திக்கி ஓடும், சில சமயம் பாதியில நின்னே போகும். காதுலயே தெரியும், சீரா 'ர்ர்ர்ர்'னு கேக்கணும். சரியா அளக்கணும்னா போன் போதும். பின்கதவைத் தொறந்து கேமராவை ஜன்னல் வெளிச்சத்துப் பக்கம் காட்டி, பின்னாலேர்ந்து போன்ல ஸ்லோ மோஷன்ல, செகண்டுக்கு 240 ஃபிரேம்ல வீடியோ எடுத்து, அப்புறம் ஃபிரேம் ஃபிரேமா தள்ளி வெளிச்சம் தெரியுற ஃபிரேமை எண்ணுங்க. 1/30க்கு 8 ஃபிரேம் வரணும், 1/15க்கு 16. 1/30ல 11, 12 வந்தாக்கூட நெகட்டிவ் ஃபிலிம் தாங்கிக்கும், கொஞ்சம் அதிகமா வெளிச்சம் விழுறது நெகட்டிவ்ல பெரிய குத்தம் இல்ல. ஒரு தடவை 8, அடுத்த தடவை 14ன்னு மாறி மாறி வந்தா அதுதான் பிரச்சனை, அதுக்கு சர்வீஸ் கட்டாயம். வேகமான ஸ்பீடுகளை இந்த வழியில அளக்க முடியாது, ஒரு ரோல் எடுத்துத்தான் பாக்கணும். செல்ஃப் டைமர் லீவரை மட்டும் தொடாதீங்க, பழைய காம்பர் ஷட்டர்ல அது மாட்டிக்கிட்டா ஷட்டரே நின்னுடும்.

ஃபோகஸ் சரியா இருக்கான்னு பாக்க, ஃபிலிம் ஓடுற தண்டவாளத்துல மங்கலான ஸ்காட்ச் டேப்பை இறுக்கி ஒட்டி, ஷட்டரை பி-ல தொறந்து வச்சு, தூரத்துல ஒரு செல்போன் டவரை மேல் ஸ்கிரீன்ல ஃபோகஸ் பண்ணுங்க, டேப்லயும் அதே டவர் கூர்மையா தலைகீழா விழணும். விழலன்னா யாரோ முன்னாடி பிரிச்சு தப்பா மாட்டியிருக்காங்க. ஸ்கிரீன் மங்கலா இருந்தா உள்ள இருக்குற கண்ணாடி ரசம் போயிருக்கலாம், அதைத் துணியால துடைக்காதீங்க, முன்பக்கமே பூச்சு இருக்குறதால மிச்சமும் கையோட வந்துரும். 124, 124ஜி வாங்குறவங்க பின்கதவுல இருக்குற பிளேட் 120க்கு உண்டான 12 நிலையில இருக்கான்னும் பாருங்க, முன்னாடி வச்சிருந்தவர் 220க்கு (ரெட்டை நீள ரோல்) மாத்தி விட்டுட்டுப் போயிருக்கலாம், ஃபிலிம் தளம் மாறிடும்.

ஆன்லைன்ல வாங்குறப்போ இதெல்லாம் செய்ய முடியாது, அதனால விக்கிறவங்க பாஷையைப் படிக்கணும். 'ஷட்டர் ஃபயர் ஆகுது'ன்னா சத்தம் வருதுன்னு மட்டும்தான் அர்த்தம், 1 செகண்ட் வீடியோ அனுப்பச் சொல்லுங்க. 'டெஸ்ட் பண்ணல'ன்னா பெரும்பாலும் டெஸ்ட் பண்ணியாச்சு, ஓடலங்கறதுதான். ஜப்பான் செல்லர் தலைப்புல மின்ட் (புத்தம் புதுசு மாதிரி)னு போட்டிருப்பார், கீழ ஸ்க்ரோல் பண்ணா லேசா ஹேஸ், லேசா ஃபங்கஸ்னு இருக்கும், அவங்க பொய் சொல்றதில்ல, ஆனா உண்மை எல்லாம் கீழ்வரியிலதான் இருக்கும். டார்ச் அடிச்ச போட்டோ கேட்டா தராதவங்ககிட்ட வாங்க வேணாம்.

என்கிட்ட கேட்டா, முதல் கேமராவுக்கு ரோலைகார்ட், இல்லன்னா மீட்டர் இல்லாத யாஷிகா மேட், நல்ல பீஸ் எது முதல்ல கெடைக்குதோ அது. விலை பேசுறப்பவே சர்வீஸுக்கு ஒரு தொகையை ஒதுக்கிடுங்க, எப்போ கடைசியா பிரிச்சு எண்ணெய் போட்டாங்கன்னு தெரியாத கேமராவுக்கு அது எப்படியும் வரும். மீட்டருக்கு போன் ஆப் போதும், ஐஎஸ்ஓ 100 ஃபிலிம்னா உச்சி வெயில்ல எஃப் 16, 1/125ன்னு வச்சா அதுவும் வேணாம். கறுப்பு வெள்ளையை வீட்லயே கழுவலாம், ரெண்டு 35 எம்எம் ரீல் கொள்ளுற பேட்டர்சன் டேங்க்ல ஒரு ரீலை விரிச்சு வச்சா 120 போகும். கலர் 120 கழுவுற லேப் எல்லா ஊர்லயும் கிடையாது, அனுப்புறதுக்கு முன்னாடி போன் போட்டுக் கேளுங்க, ஸ்கேன் எந்த சைஸ்ல தருவாங்கன்னும் சேத்து. 35 எம்எம் மட்டும் எடுக்குற ஸ்கேனர்ல இந்த நெகட்டிவ் நுழையாது, எப்சன் வி600 மாதிரி ஃபிளாட்பெட் வேணும், இல்லன்னா லைட் பேட் மேல நெகட்டிவை வச்சு கையில இருக்குற டிஜிட்டல் கேமராவுல மேக்ரோ லென்ஸ் போட்டு எடுத்துக்கலாம்.